தமிழர் ஒருவர் பெற்ற ஒரே பரம்வீர் சக்ரா: மாட்டுங்காவில் படித்த மேஜர் பரமேஸ்வரனைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை?

சென்னை பரங்கிமலையில் உள்ள ஆபீஸர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் வருஷத்துக்கு இரண்டு முறை பாஸிங் அவுட் பரேட் நடக்கும். பயிற்சி முடித்த பிள்ளைகளின் தோளில் நட்சத்திரம் ஏறும்போது அப்பா அம்மா அழுதுகொண்டே ஃபோனில் படம் எடுக்கும் ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அணிவகுப்பு நடக்கும் மைதானத்தின் பெயர் பரமேஸ்வரன் ட்ரில் ஸ்கொயர்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் ஒரே தமிழர். பிறந்தது பம்பாய். படித்தது மாட்டுங்காவிலும் சயானிலும். 1987 நவம்பர் 25 அன்று இறந்தது யாழ்ப்பாணத்தில், விடுதலைப் புலிகளுடன் நடந்த சண்டையில். அப்போது அவருக்கு வயது 41.

கடைசியாகச் சொன்ன விஷயம்தான் சிக்கல். பம்பாய்த் தமிழர் ஒருவர் இந்திய ராணுவ அதிகாரியாக இன்னொரு நாட்டின் தமிழ் ஊரில், தமிழ் இளைஞர்களின் துப்பாக்கிக்கு எதிரே நின்று உயிரை விட்டார். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நமக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதனால் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ மூலம் மேஜர் முகுந்த் வரதராஜன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டார். முகுந்தும் அதே பரங்கிமலை அகாடமியில் பயிற்சி பெற்றவர்தான். ஆனால் மைதானத்துக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றிக் கேட்டால் ‘யார் அது?’ என்பதுதான் பதில். மும்பையிலேயே அப்படித்தான்.

மாட்டுங்காவிலிருந்து மிசோரம் வரை

பரமேஸ்வரன் பிறந்தது 1946 செப்டம்பர் 13. சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி நடத்தும் எஸ்ஐஇஎஸ் பள்ளியில் படித்தார். மும்பைத் தமிழர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய அமைப்பு அது. செம்பூர், தாராவி, சயான் பக்கம் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒரு சித்தப்பாவோ அத்தையோ அங்கே படித்திருப்பார்கள். 1960-இல் சயானில் எஸ்ஐஇஎஸ் கல்லூரி வந்தது. பரமேஸ்வரன் அங்கே அறிவியல் பட்டம் வாங்கியது 1968-இல்.

அந்தக் காலத்து மாட்டுங்கா டிகிரிக்கு அடுத்த ஸ்டெப் என்ன என்பது எழுதி வைத்த மாதிரி இருக்கும்: ஸ்டேட் பேங்க், ரிசர்வ் பேங்க், ரயில்வே, இல்லையென்றால் ஏதாவது பிரைவேட் கம்பெனியில் ஸ்டெனோ அல்லது அக்கவுண்ட்ஸ். இவர் 1971-இல் சென்னைக்கு ரயில் ஏறி ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்தார். இன்றைய அகாடமிக்கு அப்போது ஆபீஸர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல் என்று பெயர். 1972 ஜூன் 16 அன்று ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் மஹார் ரெஜிமென்ட்டின் 15-ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். அங்கே எட்டு வருஷம். பிறகு 5-ஆவது பட்டாலியன். மிசோரம், திரிபுரா என்று வடகிழக்கில் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான பணி. வீரர்கள் அவரை ‘பாரி சாஹிப்’ என்று கூப்பிட்டார்கள்.

1987-இல் இலங்கைக்குப் போன முதல் அணிகளில் மஹார் ரெஜிமென்ட்டின் 8-ஆவது பட்டாலியனும் ஒன்று. வடகிழக்கு அனுபவம் இருந்த பரமேஸ்வரன் அந்தப் பட்டாலியனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமைதிப் படை எப்படிச் சண்டை போடும் படையானது?

இலங்கை விவகாரம் 1987-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் வராத பாடம். அதனால் தேதிவாரியாகச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தமிழ்ப் பகுதிகளுக்கு மாகாண சபை, ஆயுதக் குழுக்கள் ஆயுதத்தை ஒப்படைப்பது, இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க இந்தியப் படை. மறுநாளே படை இறங்க ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலையோடு வரவேற்றார்கள் என்பதும் உண்மை. இலங்கை ராணுவத்திடமிருந்து காப்பாற்ற வந்தவர்கள் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பத்து வாரம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பர் 15 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26-ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகள் சயனைடு கடித்து இறந்தார்கள். சில நாட்களில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் நேரடிப் போர். அதற்கு இந்தியா வைத்த பெயர் ஆபரேஷன் பவன்.

தொடக்கமே பேரிழப்பு. அக்டோபர் 11-12 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். அக்டோபர் முடியும்போது யாழ் நகரம் இந்தியப் படையின் கையில். ஆனால் சண்டை முடியவில்லை, கிராமங்களுக்கு இடம் மாறியது. பனந்தோப்பு, பலா மரம் நிற்கும் வளவு, ஒழுங்கை, கோயில், கிணற்றடி. யார் போராளி, யார் வீட்டுக்காரர் என்று தெரியாது. மாலை போட்டு வரவேற்ற அதே ஊர்களில் இப்போது ‘இந்தியன் ஆமி வருது’ என்றால் வீட்டுக் கதவுகள் மூடிக்கொண்டன.

நவம்பர் 25

பரமேஸ்வரனின் கடைசி நடவடிக்கை நடந்த இடம் உடுவிலுக்கு அருகே உள்ள கந்தரோடை. யாழ் நகரிலிருந்து வடக்கே, சுன்னாகத்துக்குப் பக்கம். பழைய பௌத்தத் தூபிகள் இருப்பதால் தொல்லியல் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். அங்கே ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்பட்டிருக்கின்றன என்று தகவல். நவம்பர் 24 இரவு அவருடைய அணி தேடுதலுக்குக் கிளம்பியது. திரும்பும் வழியில் பதுங்கித் தாக்குதல்.

அதன்பின் நடந்ததை விருதுக் குறிப்பு ஆறேழு வாக்கியங்களில் சொல்கிறது. சாராம்சம் இதுதான்: தாக்குதலில் மாட்டிய அணியை அங்கேயே குப்புறப் படுக்க விடாமல், பரமேஸ்வரன் எதிராளிகளின் பின்பக்கமாகச் சுற்றிவந்து அவர்கள்மீது பாய்ந்தார். அவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. கைகலப்பு தூரத்தில் சண்டை. ஒருவர் அவர் நெஞ்சில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி பரமேஸ்வரன் அவரைச் சுட்டுக் கொன்றார். ரத்தம் போய்க்கொண்டிருந்தபோதும் கடைசி மூச்சு வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

ராணுவம் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரியும். பதுங்கித் தாக்குதலில் மாட்டினால் இயல்பாக வருவது கிடைத்த மறைவில் ஒடுங்குவது. தாக்குபவர் கணக்குப் போட்டு வைத்திருப்பதும் அதைத்தான். ஒடுங்கிய இடத்தில் வைத்து ஒவ்வொருவராகச் சுடலாம். அந்தக் கணக்கை உடைக்க ஒரே வழி, தாக்குதலைத் தாக்குவது. எல்லா அகாடமியிலும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். குண்டு வந்துகொண்டிருக்கும்போது செய்பவர்கள் கொஞ்சம் பேர். 41 வயதில், மேஜர் ரேங்கில் இருக்கும் ஒருவர் தானே முன்னால் போனார் என்பதுதான் இங்கே எடை.

அந்தக் குறிப்பில் இல்லாததையும் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர் இல்லை, ‘இலங்கை’ என்று மட்டும் இருக்கிறது. விடுதலைப் புலிகள் என்ற பெயரும் இல்லை, ‘போராளிகள்’ என்ற பொருளில் பொதுவான ஒரு சொல் மட்டும். அரசாங்கக் குறிப்புகளின் மொழி அப்படித்தான் இருக்கும் என்றாலும், இந்தக் கதையில் அந்த வெற்றிடம் கொஞ்சம் பெரிதாகவே தெரிகிறது.

போர் அறிவிக்காத இடத்தில் போர்க்கால விருதா?

நண்பர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. முகுந்துக்கு அசோக் சக்ரா, பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா. இரண்டுமே உயர்ந்த விருது என்கிறார்கள், அப்புறம் என்ன வித்தியாசம்?

எதிரிக்கு நேர் எதிரே காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா. மற்றச் சூழலில் காட்டிய வீரத்துக்கு அசோக் சக்ரா. உள்நாட்டுத் தீவிரவாத எதிர்ப்புப் பணி இரண்டாவது வகையில் வரும். 2014-இல் காஷ்மீரின் ஷோபியானில் இறந்த முகுந்துக்கு அசோக் சக்ரா கிடைத்தது அதனால்தான். பரம்வீர் சக்ராவுக்குப் போர் முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

21 விருதுகளையும் வரிசையாக எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். 1947-48 காஷ்மீர்ப் போரில் 5. 1961 காங்கோவில் 1. 1962-இல் 3, 1965-இல் 2, 1971-இல் 4. 1987-இல் சியாச்சினில் 1, இலங்கையில் 1. 1999 கார்கிலில் 4. இந்த 21 பேரில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது. வெளிநாட்டு மண்ணில் அமைதிப் பணிக்குப் போய் இந்த விருது பெற்றவர்கள் இரண்டே பேர்: ஐ.நா. படையில் காங்கோ போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, இலங்கை போன பரமேஸ்வரன். சலாரியாவின் கையில் ஐ.நா. கொடி இருந்தது. பரமேஸ்வரன் போன படைக்கு இரண்டு நாடுகளின் ஒப்பந்தம் மட்டுமே ஆதாரம். அந்த ஒப்பந்தத்தில் புலிகள் கையெழுத்துப் போடவில்லை.

1988 குடியரசு தினத்தில் இரண்டு பரம்வீர் சக்ராக்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று சியாச்சின் பானா சிங்குக்கு. அவர் பிடித்த சிகரத்துக்கே அவர் பெயர் வந்தது. இன்னொன்று பரமேஸ்வரனுக்கு.

தாராவிக்குத் தெரிந்த ஒரு பெயர்: மஹார்

பரமேஸ்வரன் அணிந்த ரெஜிமென்ட் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மஹார் என்பது மகாராஷ்டிராவின் ஒடுக்கப்பட்ட சமூகம். டாக்டர் அம்பேத்கர் அந்தச் சமூகத்தவர், அவர் தந்தை ராணுவத்தில் சுபேதார். பிரிட்டிஷ் படையில் நீண்டகாலம் இருந்த மஹார்களை 1890-களில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கதவைத் திறக்கச் சொல்லி அம்பேத்கர் தொடர்ந்து வாதாடினார். 1941 அக்டோபரில் பெல்காமில் மஹார் ரெஜிமென்ட் உருவானது. பீமா கோரேகான் நினைவுத் தூணைச் சின்னத்தில் வைத்திருந்த ரெஜிமென்ட் இது. இப்போது எல்லாச் சமூகத்தினரும் அதில் சேர்கிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த ரெஜிமென்ட்டின் ஒரே பரம்வீர் சக்ரா பரமேஸ்வரனுடையது. தாராவியில் ஏப்ரல் 14 ஊர்வலத்தில் நீலக் கொடி பிடிக்கும் திருநெல்வேலிப் பையனுக்கும், மாட்டுங்காவில் எஸ்ஐஇஎஸ் பழைய மாணவர் சந்திப்புக்குப் போகும் மாமாவுக்கும் பொதுவாக ஒரு பெயர் இருக்கிறது என்றால் அது இதுதான். இருவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இன்னொரு தகவல். ஆபரேஷன் பவன் தொடங்கியபோது ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் கே. சுந்தர்ஜியும் தமிழர், செங்கல்பட்டில் பிறந்தவர். அவரும் மஹார் ரெஜிமென்ட் அதிகாரிதான். ஆக, அந்தப் போரில் டெல்லியில் உச்சியில் இருந்தவரும் ஒரு தமிழர், கந்தரோடையில் அணியோடு நடந்தவரும் ஒரு தமிழர். ‘வடக்கத்தியர் படை’ என்று எளிதாகச் சொல்லிக் கடக்கும் பேச்சு இந்த இடத்தில் தடுக்கி விழும்.

பேசாமல் விட்டதற்கு யார் காரணம்?

ஒரு ஆள் இல்லை. பல பேருக்குப் பல காரணம் இருந்தது.

முதலில் எண்கள். 1999 டிசம்பரில் மாநிலங்களவையில் அரசு சொன்ன கணக்குப்படி, இலங்கையில் இறந்த இந்தியப் படையினர் 1,165 பேர். காயமடைந்தவர்கள் 3,009 பேர். கார்கிலில் இறந்தவர்கள் 527. அதாவது இலங்கையில் இழந்தது கார்கில் இழப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கார்கிலுக்கு ஜூலை 26, 1971 போருக்கு டிசம்பர் 16 என்று நாடே அறிந்த நாட்கள் இருக்கின்றன. 32 மாதம் நீண்ட இலங்கைப் பணிக்கு அப்படி எல்லோர் மனதிலும் பதிந்த ஒரு நாள் இல்லை. வெற்றி என்று சொல்ல எதுவும் கையில் மிஞ்சாத போருக்கு ‘விஜய் திவஸ்’ வைக்க முடியாது என்பது அரசாங்கங்களின் கணக்கு. காங்கிரஸ் அனுப்பிய படை, வி.பி. சிங் அரசு திரும்பக் கூப்பிட்ட படை. இரண்டு தரப்புக்கும் அதைப் பெருமையாகப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போனது.

அடுத்து தமிழ்நாடு. கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அது அவர் ஒருவரின் கருத்து மட்டும் இல்லை, அன்றைய தமிழ்நாட்டில் பரவலாக இருந்த கோபம். அடுத்த வருஷம் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு காற்று வேறு பக்கம் வீசியது. ஆனால் அப்போதும் பேச்சு புலிகளைப் பற்றித்தான் இருந்தது, திரும்பி வராத சிப்பாய்களைப் பற்றி இல்லை.

மூன்றாவது, யாழ்ப்பாணம். இதைத் தாண்டிப் போய்ப் பரமேஸ்வரனைப் பற்றி எழுதினால் அது பாதி எழுத்துதான். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படை யாழ் மருத்துவமனைக்குள் புகுந்தது. நோயாளிகள், மருத்துவர்கள், நர்ஸுகள், ஊழியர்கள் என்று சுமார் 70 பேர் இறந்தார்கள். இரு தரப்பு மோதலில் சிக்கியவர்கள் என்றது இந்தியத் தரப்பு. உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்கள் வேறு சொல்கின்றன. யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய ‘முறிந்த பனை’யில் அந்த மாதங்களின் விவரம் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவரான டாக்டர் ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படை, புலிகள் என்று இரு பக்கத்தையும் கேள்வி கேட்ட புத்தகம் அது. யாழ் மருத்துவமனை ஊழியர்கள் அக்டோபர் 21-ஐ ஒவ்வொரு வருஷமும் நினைவுகூர்கிறார்கள்.

மருத்துவமனையில் நடந்ததையும் கந்தரோடையில் நடந்ததையும் முடிச்சுப் போட்டு ஒருவரை மற்றதற்குப் பொறுப்பாக்க வேண்டியதில்லை. அதே மாதிரி, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்கவும் வேண்டியதில்லை. நம் சோஷியல் மீடியாவில் நடப்பது இரண்டாவது வகை. நவம்பர் 25 வந்தால் ஒரு பக்கம் தேசியக் கொடி எமோஜியோடு பரமேஸ்வரன் படம், கமெண்டில் ‘ஜெய் ஹிந்த்’. எங்கே இறந்தார், யாரோடு சண்டை என்று கேட்டால் பதில் வராது. இன்னொரு பக்கம் ‘துரோகி’ என்ற ஒற்றைச் சொல். அந்தப் படையை அனுப்பியது கொழும்பில் போட்ட ஒரு கையெழுத்து. என்ன வேலைக்குப் போகிறோம் என்பது நடுவழியில் மாறியபோது அங்கே இருந்தவர்கள் சிப்பாய்களும் மேஜர்களும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தமிழ் வீரர்களும் அதில் இருந்தார்கள். போர் சரியா என்ற கேள்வியை டெல்லியிடமும் கொழும்பிடமும் கேட்க வேண்டும், புலிகளிடமும் கேட்க வேண்டும். மாட்டிக்கொண்ட அணியை விட்டுவிடாமல் முன்னால் போன அதிகாரியிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அவர் பெயர் இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

தேடினால் கிடைக்கிறது, தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். பரங்கிமலை மைதானத்தைச் சொல்லியாயிற்று. சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு ரோடு பக்கம் ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்பின் பெயர் பரமேஸ்வரன் விஹார். அந்தப் பெயரைச் சொல்லி டெலிவரி வாங்குகிறவர்களிலேயே எத்தனை பேருக்கு விவரம் தெரியுமோ. டெல்லி இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், பரம் யோதா ஸ்தல் பகுதியில் 21 பேரின் மார்பளவு சிலைகள் இருக்கின்றன, அவருடையதும் உண்டு. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு இந்த 21 பேரின் பெயரை வைத்தார்கள். அதில் ஒன்று அவர் பெயரில்.

இலங்கையில் இந்திய அமைதிப் படைக்கு நினைவிடம் கட்டப்பட்டது 2008-இல், கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில், நாடாளுமன்றம் இருக்கும் பகுதியில். இறந்தவர்கள் பெயர்கள் கருங்கல்லில். ‘உடனே வெளியேறு’ என்று 1989-இல் கெடு வைத்த நாடு கட்டிய நினைவிடம் அது. 2025 ஏப்ரல் 5 அன்று பிரதமர் மோடி அங்கே மலர் வளையம் வைத்தார்.

இன்னொன்று யாழ்ப்பாணத்தில், பலாலியில் இருக்கிறது. 1987-இல் இந்தியப் படையின் விமானங்கள் இறங்கிய அதே பலாலி ஓடுதளம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. மும்பையிலிருந்து போவதானால் சென்னையில் மாறி அங்கேயே இறங்கலாம். நல்லூர், நூலகம், நயினாதீவு என்று டூர் பிளான் போடுகிறவர்கள் பலாலியிலிருந்து நகரத்துக்கு வரும் வழியில் கொஞ்சம் விலகினால் கந்தரோடை வரும். தூபிகளைப் பார்க்க போர்டு வைத்திருக்கிறார்கள்.